கொப்பு வெட்டிய மரமும் குட்டி ரயிலும்

மாடல் ரயில் அமைப்பவர்கள் இன்ஜினின் கைப்பிடி என்ன நிறம் என்பது வரை விசாரித்து வாங்குவார்கள். பெட்டியில் எழுதியிருக்கும் எண் அந்த ஆண்டில் ஓடியதுதானா என்று பழைய படங்களைத் தேடிப் பார்ப்பார்கள். மரம் என்று வந்ததும், மொத்தமாக விற்கும் பாக்கெட் ஒன்றை வரவழைத்துப் பசை தொட்டு நட்டுவிடுகிறார்கள். அந்தப் பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் ஐரோப்பிய ஊசியிலை மரம். இல்லையென்றால் குச்சியின் தலையில் ஒட்டிய பச்சை உருண்டை. போடிநாயக்கனூர் என்று பெயர்ப்பலகை வைத்த நிலையத்துக்குப் பின்னால் ஜெர்மனிக் காடு வளர்ந்து நிற்கும். பார்க்க வருகிறவர், "நல்லாத்தான் இருக்கு, ஆனா பொம்மையாத் தெரியுது" என்பார். எது உறுத்துகிறது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. மரம்தான் உறுத்துகிறது. மனிதக் கண் மரத்தைப் பிறந்தது முதல் பார்த்துப் பழகியது. அதை ஏமாற்றுவது இன்ஜினைக் காட்டி ஏமாற்றுவதைவிடக் கடினம்.

இதைத் தமிழ்நாடு–கேரள எல்லையில் உள்ள கம்பம்மெட்டை வைத்து விளக்கலாம். கம்பம்மெட்டில் ரயில் கிடையாது. இடுக்கி மாவட்டத்தில் எங்குமே இன்று ரயில் கிடையாது. ஆனாலும் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவில் நிற்கும் இந்த மலைவரிசையை ஒட்டி, மாடலாகச் செய்யத் தகுந்த பாதைகள் இரண்டு உண்டு. ஒன்று அடிவாரத்தில். மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் மீட்டர் கேஜ் பாதை வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-இன் கடைசியில் நிறுத்திய ரயில், தேனி வரை 2022 மே மாதத்திலும் போடி வரை 2023 ஜூன் மாதத்திலும் மீண்டும் ஓடத் தொடங்கியது.

இன்னொன்று மலைமேல் இருந்து அழிந்துபோன குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடுகளைப் பூட்டித் தேயிலையை இழுத்தார்கள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல இருப்புப்பாதையாக்கினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலை கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் பாதையையும் பாலங்களையும் வாரிக்கொண்டு போனது. மலையாளிகள் கொல்லம் ஆண்டு 1099-ஐ வைத்து அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்கிறார்கள். அந்த ரயிலை யாராவது ஒருவர் ஒழுங்காக மாடலாகச் செய்து மூணாறிலோ தேனியிலோ மக்கள் பார்க்க வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. புனேயில் ஜோஷி குடும்பத்தாரின் சின்ன ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் மக்கள் பார்வைக்கு இருக்கிறது; தெற்கே நமக்கும் அப்படியொன்று வேண்டும். செய்கிறவர் இன்ஜினுக்கு முன்னால் மரத்தைப் படிக்க வேண்டும். குண்டளைத் தடத்தில் இன்று தண்டவாளம் இல்லை. அந்த ஊரைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்ல மலையும் மரமும்தான் மிச்சம்.

முதலில் அளவு. உலகில் அதிகம் புழங்கும் ஹெச்.ஓ. விகிதத்தில் 87-இல் ஒரு பங்காக எல்லாம் சுருங்கும். ஐ.சி.எஃப். பெட்டி ஒன்றின் நீளம் சுமார் 21.3 மீட்டர், மாடலில் அது 24.5 சென்டிமீட்டர். 20 மீட்டர் உயரத் தென்னை அதே விகிதத்தில் 23 சென்டிமீட்டர் வர வேண்டும். அதாவது ஒரு முழுப்பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தினால் எவ்வளவு உயரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. பாக்கெட் மரங்கள் பெரும்பாலும் இதில் பாதிதான் இருக்கும். இன்ஜின் பெரிதாகத் தெரியட்டும் என்று பலர் தெரிந்தே மரத்தைக் குறுக்குகிறார்கள். இடம் குறைந்த மேசையில் காட்டைக் கொஞ்சம் குறுக்கித்தான் ஆக வேண்டும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தண்டவாளத்தை ஒட்டிக் கண்முன் நிற்கிற நாலு மரமாவது முழு அளவில் இருந்தால்தான் ரயில் மரத்தைவிடத் தாழப் போகிற நிலை வரும். நம் ஊரில் ரயில் அப்படித்தான் போகிறது.

அடுத்தது கிளை. இதுதான் விஷயத்தின் நடு. ஒயர் மரம் செய்கிற முறை பலருக்கும் தெரிந்ததே. கட்டுக்கம்பியோ, பழைய ஒயரை உரித்தெடுத்த செம்புக் கம்பியோ, ஐம்பது அறுபது இழையை ஒன்றாகச் சேர்த்து அடிப்பக்கம் முறுக்க வேண்டும். அடிமரம் முடிகிற இடத்தில் இழைகளை இரண்டு மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியே முறுக்க வேண்டும். அவற்றையும் பிரித்துப் பிரித்துக் கடைசியில் ஒற்றை இழையில் நிறுத்த வேண்டும். இதில் ஒரு நேர்த்தி ஒளிந்திருக்கிறது. ஒரு மரத்தில் எந்த உயரத்தில் உள்ள கிளைகளையெல்லாம் சேர்த்துக் கட்டினாலும் அடிமரத்தின் தடிமன் வரும் என்று லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். ஒயர் மரம் அந்த விதியைத் தானாகவே காக்கிறது, ஏனென்றால் அடியில் உள்ள இழைகள்தான் நுனி வரை போகின்றன. கைத்திறன் இல்லாதவர் செய்த கம்பி மரம்கூட மரமாகத் தெரிவதற்கும், குச்சியில் துளை போட்டுக் கிளை செருகியது மரமாகத் தெரியாததற்கும் காரணம் இதுவே.

கம்பி மட்டும் போதாது. அரை மில்லிமீட்டர் இழை அறுபதை முறுக்கினால் நாலரை மில்லிமீட்டர் தடிமன் வரும். சாலையோரப் பழைய புளியமரத்தின் அடி ஒரு மீட்டர் அகலம் என்றால், மாடலில் அது பதினொன்றரை மில்லிமீட்டர். மிச்சத்தை வால் பட்டியோ எம்-சீலோ பூசி ஏற்ற வேண்டும். பூசும்போது அடியை அகட்டி, வேர் மண்ணுக்குள் இறங்குகிற மேடுகளைக் கட்ட வேண்டும். எந்த மரமும் தரையில் குத்தி வைத்த கோல்போல நேராக முடிவதில்லை. பட்டி காய்ந்ததும் ஊசியால் புளியின் வெடிப்புகளைக் கீறலாம். அடிமரத்துக்குக் காப்பிக்கொட்டை நிறம் அடிப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். வெளியே போய்ப் பாருங்கள்: புளி சாம்பல் கலந்த கறுப்பு, தென்னை வெளிர் சாம்பல், மா பாசி படர்ந்த சாம்பல். காப்பிக்கொட்டை நிற மரத்தை நம் ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறும் சாலையில் ஒருமுறை இந்தக் கண்ணோடு போனால் போதும். கீழே முல்லைப் பெரியாறு தண்ணீரில் நெல், தென்னை, கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல். சரிவு ஏறத் தொடங்கியதும் முள்ளும் புதரும் பாறையும், மழை மறைவுப் பக்கத்துக் காய்ந்த மரங்களும். மெட்டைத் தாண்டியதும் காற்றே வேறாகிறது. ஏலத்தோட்டங்களின் நிழல் மரங்கள் தொடங்குகின்றன. சில கிலோமீட்டருக்குள் இத்தனை வகை மரவடிவம் கிடைப்பது மாடல் செய்பவருக்குப் பெரிய வாய்ப்பு, பெரிய சோதனையும்கூட. ஒரே வகை மரத்தை மேசை முழுவதும் நட்டால் அந்த மலையே காணாமல் போய்விடும்.

மெட்டுக்கு மேலே லியோனார்டோவின் விதி பொய்க்கிறது. ஏலச்செடிக்கு வடிகட்டிய வெளிச்சம் வேண்டும். முழு வெயிலும் ஆகாது, முழு இருட்டும் ஆகாது. அதனால் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், மே மாதத்தை ஒட்டி, நிழல் மரங்களில் ஆள் ஏறிக் கொப்பு வெட்டுகிறார். பக்கக் கிளைகளைக் கழித்துத் தலையில் கொஞ்சம் குடை விடுகிறார். இப்படி ஆண்டுக்காண்டு வெட்டுப்பட்ட மரத்தில் அடிமரம் தடித்து ஓங்கி நிற்கும். வெட்டிய இடத்தில் முண்டு கட்டியிருக்கும். அந்த முண்டிலிருந்து விரல் தடிமனில் புதுக் குச்சிகள் கொத்தாகக் கிளம்பியிருக்கும். தடித்த மரத்திலிருந்து நேரே மெல்லிய குச்சி. நடுவில் இருக்க வேண்டிய நடுத்தரக் கிளைகள் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். மிளகுக் கொடி ஏற்றுவதற்காக அதைக் கழித்துக் கழித்துத் தூணாகவே ஆக்கிவிடுகிறார்கள். தூணின் கீழ்ப்பாதியைக் கொடி மூடியிருக்கும். உச்சியில் மட்டும் ஓர் இலைக்கொத்து.

இந்த மரத்தைப் பிரித்துப் பிரித்து முறுக்கும் கம்பியில் செய்தால் எவ்வளவு அழகாக வந்தாலும் அது தவறு. இங்கே வழி வேறு. மூங்கில் சீவலை உப்புத்தாளில் தேய்த்து, அடியில் நாலரை மில்லிமீட்டரும் நுனியில் ஒன்றுமாகச் சரிவு கொடுங்கள். 40 சென்டிமீட்டர் தடிமனுள்ள மரத்துக்கு அது சரியான கணக்கு. இடையிடையே பட்டியால் முண்டுகள் வையுங்கள், ஒரே இடைவெளியில் வேண்டாம். முண்டில் பசை தொட்டு, பூந்துடைப்பத்தின் மெல்லிய இழைகளை இரண்டு மூன்றாக மேல்நோக்கி ஒட்டுங்கள். கீழே பத்து சென்டிமீட்டர் உயரம் வரை தென்னை நாரைத் தளர்வாகச் சுற்றி அதன்மேல் கரும்பச்சை ஸ்பாஞ்சுத் தூளைப் பிடிக்கவைத்தால் மிளகுக்கொடி ஆகிவிடும். உச்சி இலைகளுக்குக் கீழிருந்து மேலாக வெளிர் சாம்பலை லேசாகத் தடவுங்கள். சில்வர் ஓக் இலையின் அடிப்புறம் வெள்ளி நிறம். காற்றடித்தால் மரமே நிறம் மாறும்.

இப்படிச் செய்த பத்து மரங்களை வரிசையில் வைத்தால், பார்க்கிறவர் அதை ஏலமலை என்று தானாகச் சொல்வார். அந்த மலையில் காடு தன்போக்கில் வளர்ந்து நிற்கவில்லை. கம்பத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் விடிகாலை ஜீப்பில் ஏறிப் போகிறவர்களின் வேலையும் அந்த மரங்களில் இருக்கிறது. மரத்தின் வடிவத்தில் அவர்கள் அரிவாள் பட்ட இடம் தெரிய வேண்டும். அதைக் காட்டாத மாடலை எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருந்தாலும் முழுமையானதாக என்னால் ஏற்க முடியாது.

மலை இறங்கிப் போடிப் பக்கம் வந்தால் இலவ மரம். இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊர் அது. மாடல் செய்யத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல முதல் மரம் இல்லை என்பேன். நேரான அடிமரம், அதிலிருந்து கிளைகள் கிட்டத்தட்டப் படுக்கை மட்டத்தில், ஓர் இடத்துக்கு மூன்று நாலாக, அடுக்கடுக்காகப் புறப்படும். காய்க்கிற காலத்தில் இலையுதிர்ந்து வெறும் கிளையில் காய்கள் தொங்கும். ஆகவே இலைத்தூள் வேலையே இல்லை. கிளையை ஒழுங்காகச் செய்தாலே மரம் முடிந்துவிடும், கிளை தப்பினால் மறைக்கவும் வழியில்லை. கை பழக அதுதான் வேண்டும்.

தென்னையில் எல்லோரும் சறுக்குகிறார்கள். கடைத் தென்னைக்கு ஏழெட்டு மட்டை, எல்லாம் ஒரே உயரத்தில் நாலா பக்கமும் விரித்து வைத்திருக்கும். உண்மையான தென்னையின் தலையில் முப்பது மட்டை வரை இருக்கும். நடுக்குருத்து நேரே நிற்கும். அதைச் சுற்றியவை சாய்ந்து வளையும். முதிர்ந்தவை படுக்கைக்கும் கீழே இறங்கித் தொங்கும். ஒன்றிரண்டு காய்ந்து பழுப்பாக அடிமரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஐந்து மீட்டர் மட்டை மாடலில் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மெல்லிய தாளை நீள்வட்டமாக வெட்டி, நடுவில் கம்பி ஒட்டி, இருபுறமும் கத்தரியால் சரிவாக நறுக்க வேண்டும். ஒரு மரத்துக்கு ஒரு மாலை போய்விடும். தோப்புக்கு அத்தனையும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. முன்வரிசைக்குச் செய்யுங்கள், பின்னால் நிற்பவற்றுக்குப் பாதி மட்டை போதும்.

இலைக்கு வருவோம். வெளிநாட்டில் 1970-களிலிருந்து உட்லண்ட் சீனிக்ஸ் போன்ற நிறுவனங்கள் சாயமேற்றி அரைத்த ஸ்பாஞ்சுத் தூளைப் பையில் விற்கின்றன. அதை நாமே செய்துகொள்ளலாம். சீட் தைக்கும் கடையில் கழித்துப்போடும் ஸ்பாஞ்சைத் துண்டாக்கி, இதற்கென்றே ஒதுக்கிய பழைய மிக்சி ஜாரில் தண்ணீரோடு அரைத்து, பிழிந்து, அக்ரிலிக் சாயத்தில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். சமையல் ஜாரை இதற்குத் தொடக் கூடாது. பச்சை ஒன்று போதாது. மஞ்சள் கலந்தது, சாம்பல் கலந்தது, மாந்தளிருக்குச் செம்பு நிறம் என்று நாலைந்து வேண்டும்.

தூளின் பருமனில்தான் பலர் கவனம் தவறுகிறது. மாவிலை 20 சென்டிமீட்டர் நீளம். 87-ஆல் வகுத்தால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல். புளியின் சிற்றிலை ஒன்றரை சென்டிமீட்டர். வகுத்தால் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு, அதாவது தூசு. ஏல இலை அரை மீட்டரையும் தாண்டும். மாடலில் ஆறேழு மில்லிமீட்டர், அதைத் தூளால் காட்டவே முடியாது, தாளில் வெட்டித்தான் ஆக வேண்டும். ஆக, மாமரத்துக்குப் பெரிய சல்லடையில் சலித்த தூள், புளிக்கு டீ வடிகட்டியில் இறங்கிய தூள், ஏலத்துக்குக் கத்தரி. இந்த மூன்றையும் பிரித்துக்கொண்டாலே நூறடி தள்ளி நிற்கிற மாமரத்தையும் புளியமரத்தையும் நம் கண் எப்படிப் பிரித்தறிகிறதோ, அந்த வேறுபாடு மேசைக்கு வந்துவிடும். மூன்று மீட்டர் ஏலத்தட்டை மூன்றரை சென்டிமீட்டர்தான், ஆயிரக்கணக்கில் தேவைப்படும். நிழல் மரங்களின் அடியில் அவை மறைந்திருப்பதால் ஓரத்து இரண்டு வரிசையை மட்டும் இலை இலையாக வெட்டி, உள்ளே கரடுமுரடான தூளை நிரப்பிவிடலாம். திராட்சைப் பந்தலுக்கு இரண்டேகால் சென்டிமீட்டர் உயரத்தில் குச்சித் தூண்களும் மேலே இழுத்துக் கட்டிய கொசுவலையும் போதும். வலைமேல் பசை தடவித் தூளைத் தூவினால் கொடி பிடித்துக்கொள்ளும்.

தூளை அள்ளி அப்பக் கூடாது. மரத்தின் ஊடே வானம் தெரிய வேண்டும். கிளை நுனிகளில் மட்டும் பசை தொட்டுத் தூவி, நடுவை வெறுமையாக விடுங்கள். அடர்ந்த மாமரத்தில்கூட இலை வெளிவட்டத்தில்தான். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் உள்ளே கிளையும் நிழலுமாக இருக்கும்.

நிறத்தைப் பற்றிக் கடையில் சொல்லாத ஒன்று உண்டு. தோட்டத்தில் பறித்த இலையின் நிறத்தை அப்படியே மாடலில் அடித்தால் மரம் கறுத்துப் போகும். மாடல் மரத்தை நாம் ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம். விகிதப்படி அது 87 மீட்டர். அவ்வளவு தூரத்தில் இடையிலுள்ள காற்று பச்சையை வெளுக்க வைக்கும். வீட்டு விளக்கோ வெயிலைவிடப் பல மடங்கு மங்கல். ஆகவே எல்லா நிறத்திலும் கொஞ்சம் வெளிர் சாம்பல் கலந்தே ஆக வேண்டும். மேசையின் பின்பக்கத்துக்குப் போகப் போக அது கூட வேண்டும். கம்பத்திலிருந்து பார்க்கும்போது மலை நீலமாகத் தெரிவதும் அதே காரணத்தால்தான்.

கம்பிக்குப் பதிலாக இயற்கையில் கிடைப்பதை எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் பூ உதிர்ந்த மாம்பூங்கொத்தையும் முற்றிக் காய்ந்த துளசித் தண்டையும் பாருங்கள். கிளை பிரிகிற விதம் அப்படியே மரம். ஆனால் மலைப்பக்கத்து ஈரத்தில் அவை ஒரு மழைக்காலம் தாங்காமல் பூஞ்சை பிடிக்கும். நல்ல வெயிலில் சுண்டக் காயவைத்து, வார்னிஷில் முக்கி எடுத்த பிறகே தூள் ஒட்ட வேண்டும். சாதாரண வெள்ளைப் பசையும் ஈரத்தில் இளகும். இடுக்கியில் இருப்பவர்கள் நீர் தாங்கும் ரகத்தையே வாங்கட்டும்.

இங்கிலாந்தின் கோர்டன் கிராவெட் மாடல் மரங்களுக்கென்றே அகன்ற இலை மரங்களுக்கு ஒன்றும் ஊசியிலை மரங்களுக்கு ஒன்றுமாகப் புத்தகம் எழுதியிருக்கிறார். இலவத்துக்கும் புளிக்கும் கொப்பு வெட்டிய சில்வர் ஓக்குக்கும் அளவும் படமும் போட்டு யாராவது தமிழில் எழுத வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர் மரத்தை அளந்து வரைந்து வந்தாலே அதில் பாதி வேலை முடிந்துவிடும்.

நடுவதற்கு முன்னால் ஒரு மாதத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இலவத்தில் காய் தொங்குகிறதென்றால் அது கோடைத் தொடக்கம்; அப்போது கல்யாண முருங்கை இலையில்லாமல் சிவப்பாகப் பூத்திருக்கலாம், ஏலத்தோட்டத்து மரங்கள் இன்னும் வெட்டப்படாமல் அடர்ந்திருக்க வேண்டும். கொப்பு புதிதாக வெட்டியிருக்கிறதென்றால் மே மாதம். இலவம் துளிர்த்திருக்க வேண்டும், வெட்டிய கொப்பு மரத்தடியில் கிடக்க வேண்டும். ஆண்டையும் தீர்மானியுங்கள். 1908-ஐக் காட்டும் குண்டளை அமைப்பில் இன்று நிற்கிற வயதில் நிழல் மரங்களை வைக்க முடியாது. தோட்டங்களே அப்போது இளசு. தண்டவாளத்தை ஒட்டி மரங்களை நெருக்கவும் வேண்டாம். ரயில்வே ஆட்கள் பாதையின் இருபுறமும் கிளையை வெட்டி ஒதுக்கியே வைத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தில் கிளை குறைந்து, மறுபக்கம் சாய்ந்து வளர்ந்த மரத்தை அங்கே நடுங்கள்.